கூட்டுறவு சிறப்பங்காடிக்கு இன்னும் யார் போகிறீர்கள்? அனுபவத்தை எழுதுங்கள்

அல்லிக்கொடி (இழையைத் தொடங்கியவர்)

எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தில் அடுத்த ஞாயிறு ஒரு கூட்டம் இருக்கிறது. எங்கள் பகுதியில் உள்ள கூட்டுறவு சிறப்பங்காடியைப் பற்றித்தான் பேச்சு. ஒரு காலத்தில் மாதத்தின் முதல் வாரம் உள்ளே நுழையவே முடியாது. சம்பளம் வாங்கிய கையோடு குடும்பம் குடும்பமாக வருவார்கள். இப்போது பகலில் போனால் மின்விசிறிச் சத்தம்தான் கேட்கிறது. சுற்றிலும் தனியார் சங்கிலிக் கடைகள் வந்துவிட்டன. சங்கத்தில் பலர், "மூடினால் மூடட்டும், அந்த இடத்தில் வண்டி நிறுத்தவாவது வசதி கிடைக்கும்" என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆனால் வெறும் பாசத்தை வைத்துக்கொண்டு கூட்டத்தில் வாதாட முடியாது.

உங்கள் ஊர்க் கூட்டுறவு அங்காடியோ உள்ளூர்த் தனியார் சங்கிலிக் கடையோ, எது உங்களை உள்ளே இழுக்கிறது, எது வெளியே விரட்டியது? விலை, எடை, பில், ஊழியர்கள் நடந்துகொள்ளும் விதம் என்று எதுவானாலும் சரி. கூட்டத்தில் வாசித்துக் காட்டப் போகிறேன். ஆகவே சொந்தக் குறையைச் சொல்பவர்கள் கடையின் பெயரைத் தவிர்த்துவிடுங்கள். நானும் அதனால்தான் எங்கள் ஊரைச் சொல்லவில்லை.

நொய்யல்

கோவைக்காரியாக நான் முதலில் வருகிறேன். எங்களுக்குச் சிந்தாமணி என்பது கூட்டுறவுக் கடையின் பெயர் மட்டுமில்லை, திசை காட்டும் பெயரும்கூட. "வடகோவை சிந்தாமணியில் இறங்கிக்கொள்" என்று சொன்னால் ஆட்டோக்காரரிலிருந்து வெளியூர் உறவினர் வரை எல்லோருக்கும் புரியும். சென்னை அண்ணா நகரிலும் இதே பெயரில் ஒரு பஸ் நிறுத்தம் உண்டு. அங்கிருந்த கூட்டுறவு அங்காடியால் வந்த பெயர்தான் அது.

என் அம்மாவுக்கு இன்றும் பருப்பு அங்கேதான் வாங்க வேண்டும். பாக்கெட்டைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடிப்பார். அடியில் தூள் தங்கியிருக்கிறதா, முனையில் ஓட்டை விழுந்த பருப்பு தெரிகிறதா என்று பார்ப்பார். பிறகு பாக்கெட்டைத் திருப்பிக் கட்டிய தேதியைப் படிப்பார். தேதி பழையதாக இருந்தால் உள்ளே போய் வேறு கேட்பார். விற்பனையாளர் அம்மாவும் முகம் சுளிக்காமல் எடுத்து வந்து கொடுப்பார். அவர்கள் இருவருக்கும் பல வருடப் பழக்கம்.

காய்கறிக்கு மட்டும் நாங்கள் பழமுதிர் நிலையத்துக்குப் போகிறோம். அதுவும் கோவையில் பழக்கடையாகத் தொடங்கிச் சென்னை வரை கிளை பரப்பிய பெயர். கத்தரிக்காயை நாமே பொறுக்கி எடுக்கலாம், வாடியதை ஒதுக்கலாம். கூட்டுறவு அங்காடிகள் அங்கிருந்து கற்றுக்கொள்ள வேண்டியது இதுதான்.

வேளச்சேரி இளைஞன்

எதிர்க்குரலையும் கேட்டுவிடுங்கள் அக்கா. வேலை முடிந்து நான் வீட்டுக்கு வரும்போது இரவு ஒன்பதரை ஆகிவிடும். எந்தக் கூட்டுறவு அங்காடி அந்த நேரத்தில் திறந்திருக்கும்? செயலியில் பால், முட்டை, தயிர் என்று தட்டினால் மாடிப்படி ஏறி முடிப்பதற்குள் வந்துவிடுகிறது. ஒருமுறை விடுமுறை நாளில் கூட்டுறவுக் கடை ஒன்றுக்குப் போனேன். ஷாம்பு இருந்தது, சோப்பு இல்லை. உளுந்து இருந்தது, இட்லி அரிசி இல்லை. "எப்போது வரும்?" என்று கேட்டதற்கு, "வந்தால் தெரியும்" என்றார்கள். என் தலைமுறை ஏன் அங்கே போக வேண்டும் என்று யாராவது காரணம் சொல்லுங்கள். பழம்பெருமை காரணமாகாது.

பண்டகசாலை

தம்பி வேளச்சேரி கேட்டது நியாயமான கேள்வி. சிறப்பங்காடிகளை நடத்தும் மாவட்டக் கூட்டுறவு மொத்த விற்பனைப் பண்டகசாலை ஒன்றில் கொள்முதல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். சற்று நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவு சங்கம் 1904இல் தொடங்கியது. நாம் டியூசிஎஸ் என்று சொல்வது அதைத்தான். காமதேனு அங்காடிகள் அதனுடையவை. இங்கிலாந்தின் ராச்டேலில் 1844இல் நெசவாளர்களும் மற்றத் தொழிலாளர்களும் சேர்ந்து ஒரு கடை வைத்தார்கள். கலப்படமில்லாத மாவு, சரியான எடை, ரொக்க விற்பனை, லாபத்தை வாங்கியவர்களுக்கே பிரித்துக் கொடுப்பது என்பது அவர்கள் கொள்கை. அதே கொள்கையைத் திருவல்லிக்கேணிக்குக் கொண்டுவந்தார்கள். 1904ஆம் ஆண்டுச் சட்டம் கடன் சங்கங்களுக்கு மட்டும்தான் இடம் கொடுத்தது. மற்ற வகைச் சங்கங்களுக்குச் சட்டத்தில் தெளிவான இடம் 1912இல்தான் வந்தது. சட்டம் வழிவிடும்வரை காத்திருக்காமல் மக்கள் கடையைத் திறந்துவிட்டார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் பெருமையாக இருக்கிறது.

மாவட்டப் பண்டகசாலைகள் வேறு காலத்தில் பிறந்தவை. 1962 சீனப் போரை ஒட்டி விலைவாசி ஏறும் என்ற அச்சத்தில் மத்திய அரசு நுகர்வோர் கூட்டுறவுக்குத் தனித் திட்டம் கொண்டுவந்தது. 1966இல் ரூபாய் மதிப்பைக் குறைத்தபோது பெருநகரங்களில் பெரிய அங்காடிகள் வந்தன. டெல்லி சூப்பர் பஜார் அந்த ஆண்டுதான் திறந்தது. நம் மாநிலத்தில் ஒவ்வொரு ஊரிலும் அந்தந்த மண்ணுக்குரிய பெயரை வைத்தார்கள். மதுரையில் பாண்டியன், கோவையில் சிந்தாமணி, திருச்சியில் அமராவதி, வேலூரில் கற்பகம், கடலூரில் சரவணபவ. தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்து வைத்த பெயர்களாக அவை எனக்குத் தோன்றியதே இல்லை.

சரி, இட்லி அரிசி ஏன் இல்லை? பண்டகசாலை அரசு விடுதிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் சரக்கு கொடுக்கும். அந்தப் பணம் திரும்பி வர மாதக்கணக்கில் ஆகும். பணம் வராவிட்டால் நாங்கள் ஆலைக்காரருக்குக் கொடுக்க முடியாது. அவர் அடுத்த லோடை நிறுத்திவிடுவார். தனியார் கடையில் சரக்கு தீரும் நிலைக்கு வந்தால் கணினியே கொள்முதல் ஆணையைத் தயார் செய்துவிடும். எங்களிடம் கோப்பு மேசை மேசையாக நகர வேண்டும். ஒரு ரகத்தை மாற்ற வேண்டுமானாலும் விலைப்புள்ளி கேட்க வேண்டும், குழு கூட வேண்டும். தணிக்கையில் ஒரு ரூபாய்க்குக் கேள்வி வரும் என்பதால் யாரும் துணிந்து முடிவெடுக்க மாட்டார்கள். ஊழியர் சோம்பேறி என்று வாடிக்கையாளர் நினைக்கிறார். உண்மையில் "எப்போது வரும்" என்பது அந்த விற்பனையாளருக்கே தெரியாது.

இன்னொன்று. எங்கள் அலமாரியில் மட்டும் கிடைக்கும் நல்ல சரக்கு பல உண்டு. திருச்செங்கோட்டுக் கூட்டுறவு விற்பனைச் சங்கத்தின் அர்த்தநாரீஸ்வரா மஞ்சள்தூள், ஈரோட்டுச் சங்கத்தின் மங்களம் மசாலா, நீலகிரி சிறு தேயிலை விவசாயிகளின் இண்ட்கோசர்வ் தயாரிக்கும் ஊட்டி டீ. இவற்றை விவசாயியின் சங்கம் அரைக்கிறது, நுகர்வோரின் சங்கம் விற்கிறது. இப்படிப்பட்ட பாக்கெட்டுகளை அடியிலுள்ள தட்டில் தூசி படிய வைத்துவிட்டு, கண் மட்டத்தில் பெரிய நிறுவனங்களின் சரக்கை அடுக்கியிருப்பதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

வேளச்சேரி இளைஞன்

விளக்கத்துக்கு நன்றி ஐயா. ஆனால் கோப்பு நகரவில்லை என்பது வாடிக்கையாளரின் பிரச்சினை இல்லையே. நட்டத்தில் ஓடும் கடையை எதற்காக நாம் தாங்கிப் பிடிக்க வேண்டும்?

வைகைக்கரை

மதுரையிலிருந்து எழுதுகிறேன். தீபாவளிக்கு முன் பாண்டியன் அங்காடிப் பட்டாசுக் கடையில் வந்து நின்று பாருங்கள் தம்பி. வெளிக்கடைகளில் பெட்டியில் ஒரு விலையை அச்சிட்டுவிட்டு, அதில் எண்பது சதவீதம் தள்ளுபடி, தொண்ணூறு சதவீதம் தள்ளுபடி என்று எழுதி வைப்பார்கள். உண்மை விலை எது என்று வாங்குபவருக்குத் தெரியவே தெரியாது. கூட்டுறவில் விலைப்பட்டியலைக் கையில் கொடுப்பார்கள். கட்டிய பணத்துக்கு ரசீது உண்டு. எங்கள் தெருவில் பல குடும்பங்கள் அதற்காகவே அங்கே போகின்றன.

மருந்தும் அப்படித்தான். அப்பாவுக்கு மாதாமாதம் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வாங்குகிறோம். கூட்டுறவு மருந்தகங்களில் 20 சதவீதம் வரை தள்ளுபடி உண்டு. வாழ்நாள் முழுக்க மாத்திரை சாப்பிடும் வீட்டுக்கு அது பெரிய பணம்.

பண்டகசாலை

தம்பியின் நட்டக் கேள்விக்கு ஒரு பதில். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டிப் போனது நினைவிருக்கும். அப்போது பண்ணைப் பசுமைக் கடைகளிலும் சென்னையின் ரேஷன் கடைகள் பலவற்றிலும் கிலோ 60 ரூபாய்க்குக் கூட்டுறவுத் துறைதான் விற்றது. கடையும் ஆளும் தராசும் ஏற்கெனவே இருந்ததால்தான் நாள் கணக்கில் அதைச் செய்ய முடிந்தது. விலை ஏறிய பிறகு புதிதாகக் கடை கட்டிக்கொண்டிருக்க முடியாது.

வேளச்சேரி இளைஞன்

அந்தத் தக்காளிக்கு என் அம்மாவும் வரிசையில் நின்றார். ஆளுக்கு ஒரு கிலோதான். பின்னால் நின்றவர்களுக்குக் கிடைக்கவில்லை. உதவி என்பதை ஒப்புக்கொள்கிறேன், முழுத் தீர்வு என்று ஏற்க மாட்டேன். அது ரேஷன் கடை செய்த வேலை. சோப்பும் ஷாம்புவும் விற்கும் சிறப்பங்காடிக்கு அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

கல்லாப் பெண்

தனியார் சங்கிலிக் கடை ஒன்றில் பில் போடும் வேலையில் இருந்தேன். இப்போது இல்லை. கடையின் பெயர் வேண்டாம்.

வாடிக்கையாளர்கள் எங்களைத் திட்டுவது பெரும்பாலும் ஒரே காரணத்துக்காகத்தான்: அலமாரியில் ஒரு விலை, பில்லில் ஒரு விலை. அது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். விலையை மாற்றுவது தலைமை அலுவலகம். இரவோடு இரவாகக் கணினியில் மாறிவிடும். அலமாரியில் செருகியிருக்கும் விலைச் சீட்டை மாற்றுவது காலையில் வரும் பையன்கள். ஆயிரக்கணக்கான சீட்டு. அன்றைக்கு இரண்டு பேர் விடுப்பு என்றால் பழைய சீட்டு அப்படியே நிற்கும். சலுகை முடிந்த மறுநாள் காலையில்தான் இந்தத் தகராறு அதிகம் வரும். பணம் கட்டுவதற்கு முன் திரையைப் பாருங்கள். விலை மாறியிருந்தால் அங்கேயே சொல்லுங்கள், நீக்குவது எளிது. பில் அச்சாகிவிட்டால் மேலாளர் வந்து சாவி போட வேண்டும், பின்னால் வரிசை நிற்கும், எல்லோருக்கும் எரிச்சல்.

தொலைபேசி எண்ணைக் கேட்பதும் நாங்கள் விரும்பிச் செய்வதில்லை. ஒரு நாளைக்கு எத்தனை எண் வாங்கினோம் என்று கணக்குப் பார்ப்பார்கள். நீங்கள் தர மறுக்கலாம். எண் தந்தால்தான் பில் என்று வற்புறுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே கடைகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது.

இனி என் மனதில் இருப்பது. நாள் முழுக்க நின்றுகொண்டேதான் பில் போடுவோம். மாலையில் செருப்பின் வார் காலில் பதிந்து கிடக்கும், வீட்டுக்குப் போய்க் கால்களைச் சுவரில் தூக்கி வைத்தால்தான் தூக்கம் வரும். கோழிக்கோட்டு ஜவுளிக்கடைப் பெண்கள் போராடியதால் கேரளம் 2018இல் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. தமிழ்நாட்டிலும் 2021இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் கடைக்கு நாற்காலி வந்தது. கல்லாவுக்குப் பின்னால் அது வைக்க இடமில்லை என்று கிடங்கில் அடுக்கி வைத்தார்கள். ஆய்வுக்கு வருகிறார்கள் என்று தெரிந்தால் மட்டும் வெளியே வரும்.

அல்லிக்கொடி அக்கா, உங்கள் கூட்டுறவு அங்காடிக்குப் போகும்போது பில் போடும் அம்மா உட்கார்ந்திருக்கிறாரா என்று பாருங்கள். என் அனுபவத்தில் கூட்டுறவுக் கடைகளில் அவர்கள் உட்கார்ந்துதான் இருப்பார்கள். அது உங்களுக்கு மந்தமாகத் தெரியலாம். எனக்கு அது மரியாதையாகத் தெரிகிறது.

நொய்யல்

தங்கை, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. அடுத்த முறை எந்தக் கடைக்குப் போனாலும் முதலில் நாற்காலியைத்தான் தேடுவேன்.

மளிகை வணிகன்

சிறு மளிகைக் கடைக்காரன் ஒருவன் பேசினால் கேட்பீர்கள் என்று நம்புகிறேன். எங்கள் தெருமுனையில் ஒரு காலத்தில் சுபிக்ஷா வந்தது. 1997இல் சென்னையில் தொடங்கிய நிறுவனம். ஏசி கிடையாது, அலங்காரம் கிடையாது, விலை மட்டும் குறைவு. எங்களுக்கு வியாபாரம் படுத்துவிட்டது. 2008இல் நாடு முழுக்க ஏறத்தாழ 1,600 கடைகள் இருந்தன. 2009 தொடக்கத்தில் பணமில்லாமல் எல்லாம் இழுத்து மூடப்பட்டன. ஊழியர்களுக்குச் சம்பளம் போகவில்லை, சரக்கு கொடுத்தவர்களுக்குப் பாக்கி நின்றது. அந்தக் கடையில் வேலை பார்த்த ஒரு பையன் அதன்பிறகு என் கடையில் பொட்டலம் கட்டினான். நல்ல பையன்.

எனக்குப் பெரிய கடைகளோடு உள்ள வழக்கு இது. ஒரு சோப்பை விநியோகஸ்தர் எனக்குக் கொடுக்கும் விலையைவிடக் குறைத்துப் பெரிய கடை வாடிக்கையாளருக்கே விற்கிறது. சலுகை நாளில் நானே போய் அங்கே வாங்கி வந்து என் கடையில் விற்கும்படி ஆகிறது. நிறுவனங்கள் அவர்களுக்குத் தனி விலை கொடுக்கின்றன, கண் மட்டத்தில் அடுக்குவதற்கும் நுழைவாயிலில் குவித்து வைப்பதற்கும் தனியாகப் பணம் கொடுக்கின்றன. எனக்கு ஒரு நாள்காட்டிகூட வருவதில்லை.

ஆனாலும் மாதக் கணக்கு நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. ஆஸ்பத்திரிச் செலவு வந்த மாதம் எந்தச் செயலியும் "அடுத்த மாதம் கொடுங்கள்" என்று சொல்லாது.

அரிசி மூட்டை ஏன் 26 கிலோவாக வருகிறது என்று பலர் கேட்கிறார்கள். 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரை பொதியிட்டுப் பெயர் அச்சிட்ட அரிசிக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி. அதற்கு மேல் போனால் வரி இல்லை. அந்த ஒரு கிலோ அதற்காகத்தான். ஐந்து கிலோவாக வாங்கும் கூலிக்காரருக்கு வரி உண்டு, மொத்தமாக வாங்கும் வசதிக்காரருக்கு இல்லை. இது எனக்குப் பிடிக்கவில்லை.

வேளச்சேரி இளைஞன்

அந்த 26 கிலோ விவரம் எனக்குத் தெரியாது அண்ணாச்சி. எங்கள் வீட்டிலும் அந்த மூட்டைதான் இருக்கிறது.

சட்டப்படி

வரியைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்றைச் சேர்க்கிறேன். 2025 செப்டம்பர் 22 முதல் சோப்பு, ஷாம்பு, பற்பசை போன்றவற்றுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. கணக்கு எளிது: வரியோடு 118 ரூபாயாக இருந்த பொருள் 105 ரூபாய் ஆக வேண்டும். அதன்பிறகு சில வாரங்கள் கழித்து ஒரு கடையில் பழைய விலையிலேயே பற்பசைக்குப் பில் போட்டார்கள். "பழைய இருப்பு" என்றார்கள். இருப்பு பழையதானாலும் விற்கும் நாளின் வரிதான் பில்லில் வர வேண்டும். மேலாளரிடம் பில்லில் ஜிஎஸ்டி போட்டிருந்த இடத்தைக் காட்டினேன்: 18 சதவீதம் என்று அதுவே சொன்னது. திருத்திக் கொடுத்தார்கள். எனக்கு முன்னால் நின்றவர்களுக்கு யார் திருத்திக் கொடுப்பது?

பில்லைப் புகைப்படம் எடுத்து வையுங்கள். வெப்பத்தாளில் அச்சிட்ட எழுத்து சில மாதங்களில் மங்கி வெள்ளைத்தாள் ஆகிவிடும், பிறகு எந்த நுகர்வோர் ஆணையத்திலும் காட்ட முடியாது. அச்சிட்ட அதிகபட்ச விலையில் எல்லா வரியும் அடங்கும். அதற்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் குற்றம். பை விஷயத்தில் 2020 டிசம்பரில் தேசிய நுகர்வோர் ஆணையம், முன்கூட்டியே தெரிவிக்காமல் கல்லாவில் வந்த பிறகு பைக்குக் காசு கேட்பது முறையற்ற வணிகம் என்று சொல்லியிருக்கிறது. 2019 ஜனவரி முதல் பிளாஸ்டிக் பை நம் மாநிலத்தில் தடை என்பதால் துணிப்பை கொண்டுபோவது எப்படியும் நல்லது. கடையின் பெயரைக் கொட்டை எழுத்தில் அச்சிட்ட பையை நாம் காசு கொடுத்துச் சுமப்பதில்தான் எனக்கு ஆட்சேபம்.

அல்லிக்கொடி

எடையைப் பற்றி யாராவது சொல்லுங்களேன். எங்கள் கூட்டத்தில் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

சட்டப்படி

மின்னணுத் தராசு ஒவ்வொன்றையும் 12 மாதத்துக்கு ஒருமுறை மறுபரிசோதனை செய்து முத்திரை இட வேண்டும். சான்றிதழ் வாடிக்கையாளர் கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும். நம் மாநிலத்தில் இதைப் பார்ப்பது தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர். பொருளை வைப்பதற்கு முன் திரையில் பூஜ்யம் இருக்கிறதா என்று பாருங்கள். தட்டையோ பெட்டியையோ வைத்து நிறுத்தால் அதன் எடையைக் கழித்திருக்க வேண்டும். முந்திரி, ஏலக்காய் போன்ற விலை உயர்ந்த சரக்கில் பத்து கிராம் பெட்டி எடை என்பது சின்னத் தொகையில்லை.

பாக்கெட்டுகளில் இப்போது கிராமுக்கு, மில்லி லிட்டருக்கு என்ன விலை என்று தனியாக அச்சிட வேண்டும். அதைப் படிக்கும் பழக்கம் வர வேண்டும். சான்றாக, 475 கிராம் பாக்கெட் 95 ரூபாய் என்றால் கிராம் 20 காசு. பக்கத்திலேயே ஒரு கிலோ பாக்கெட் 210 ரூபாய் என்றால் கிராம் 21 காசு. பெரிய பாக்கெட் மலிவு என்ற நம்பிக்கையில் கை தானாக அதற்குத்தான் போகும்.

புகாருக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணம் கிடையாது.

தொலைதூரத்தான்

இழையை முழுக்கப் படித்தேன். ஒரு கருத்து. நீல்கிரிஸைப் பாருங்கள். 1905இல் நீலகிரியில் வெண்ணெய் வியாபாரமாகத் தொடங்கிய குடும்ப நிறுவனம். 1936இல் பெங்களூருக்குப் போனது. ரொட்டிக்கும் வெண்ணெய்க்கும் பாலாடைக்கட்டிக்கும் அதை விட்டால் வேறு கடை இல்லை என்று நினைத்த குடும்பங்கள் தென்னிந்தியா முழுக்க இருந்தன. 2006இல் ஒரு முதலீட்டு நிறுவனம் பெரும்பங்கை வாங்கியது, 2014இல் ஃபியூச்சர் குழுமம் வாங்கியது. பிறகு அந்தக் குழுமமே கடனில் மூழ்கியது. நூறு வருடம் சேர்த்த பெயரைப் பங்காக விற்றுவிட்டால், யார் அதை அடுத்து எங்கே கொண்டுபோவார்கள் என்பதில் வாடிக்கையாளருக்கு ஒரு சொல்லும் கிடையாது. கூட்டுறவில் உறுப்பினருக்கு அந்தச் சொல் இருக்கிறது. பயன்படுத்துகிறோமா என்பதுதான் என் கேள்வி. உங்கள் சங்கத்தில் எத்தனை பேர் அந்த அங்காடியின் உறுப்பினர்கள், அல்லிக்கொடி?

அல்லிக்கொடி

இன்று விசாரித்தேன். பெரியவர்களில் சிலர் உறுப்பினர்கள். பங்குச் சீட்டை எங்கே வைத்தோம் என்று தேடிக்கொண்டிருக்கிறார்கள். இளையவர்களில் ஒருவரும் இல்லை. உறுப்பினர் ஆகலாம் என்பதே அவர்களுக்குச் செய்தியாக இருந்தது. பண்டகசாலை ஐயா, எப்படிச் சேர்வது? சேர்ந்தால் என்ன கேட்க முடியும்?

பண்டகசாலை

அம்மா, இந்தக் கேள்வியை நான் பணியில் இருந்த காலத்தில் வாடிக்கையாளர் யாராவது கேட்க மாட்டார்களா என்று ஏங்கியிருக்கிறேன்.

அங்காடியிலோ தலைமை அலுவலகத்திலோ விண்ணப்பம் கேளுங்கள். அடையாளச் சான்றும் பங்குத் தொகையும் நுழைவுக் கட்டணமும் கட்டினால் போதும். தொகை பெரிதாக இருக்காது. "அ" வகுப்பு உறுப்பினராகச் சேர வேண்டும் என்று தெளிவாக எழுதுங்கள். வாக்குரிமை அதில்தான். இணை உறுப்பினருக்கு வாக்கு இல்லை, அதையே கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

தமிழ்நாடு கூட்டுறவு சங்கங்கள் சட்டம் 1983இல் வந்தது. ஆண்டுக்கு ஒருமுறையாவது பேரவை, அதாவது உறுப்பினர்கள் எல்லோரும் சேரும் கூட்டம், கூட வேண்டும். வரவு செலவுக் கணக்கும் தணிக்கை அறிக்கையும் அங்கே வைக்கப்படும். தேர்தல் நடந்த வாரியம் இல்லாத காலங்களில் தனி அலுவலர் நிர்வகிப்பார். அப்போதும் உறுப்பினர் எழுதிக் கொடுக்கும் மனுவுக்கு மதிப்பு உண்டு. நான் பார்த்த பேரவைகளில் மேடையில் இருந்தவர்களும் தேநீர் கொடுத்தவர்களும்தான் அதிகம். ஒரு குடியிருப்பிலிருந்து உறுப்பினர்கள் சேர்ந்து வந்து, "இட்லி அரிசி ஏன் தீர்ந்தது, யார் பாக்கி வைத்திருக்கிறார்கள்?" என்று கேட்டிருந்தால் எங்கள் கோப்புகள் வேகமாக நகர்ந்திருக்கும். நட்டத்தைவிட எங்களை அதிகம் அழித்தது அந்தக் காலி நாற்காலிகள்தான்.

மனுவில் பொதுவாகக் குறை எழுதாதீர்கள். "மாலை 7 மணிக்கு மூடுவதை 9 ஆக்குங்கள்", "வாரம் முழுக்க இருக்க வேண்டிய 30 பொருள்கள் இவை" என்று எழுதுங்கள். பதில் சொல்லியே ஆக வேண்டிய வடிவில் இருந்தால்தான் பதில் வரும்.

வேளச்சேரி இளைஞன்

இரவு 9 மணி வரை திறந்து, என்ன சரக்கு இருக்கிறது என்பதை ஒரு வாட்ஸ்அப் எண்ணில் சொன்னால் நானும் போவேன். உறுதியாகச் சொல்கிறேன். அந்த 30 பொருள் பட்டியலைப் போட நான் உதவுகிறேன் அக்கா. எங்கள் அடுக்குமாடிக் குழுவில் கேட்டுத் தொகுத்து அனுப்புகிறேன்.

மளிகை வணிகன்

பட்டியலில் திருச்செங்கோட்டு மஞ்சள்தூளைச் சேருங்கள். நானே அதைத்தான் வீட்டுக்கு வாங்குகிறேன்.

கல்லாப் பெண்

ஒன்று கேட்கலாமா? நேரத்தை 9 மணி ஆக்கினால் அங்கே வேலை பார்க்கும் பெண்கள் எப்படி வீட்டுக்குப் போவார்கள், இரண்டு முறைப்பணி போட ஆள் தருவார்களா என்று அந்த மனுவிலேயே எழுதுங்கள். கூட்டத்துக்கு அவர்களையும் கூப்பிடுங்கள். ஞாயிறு காலை வைத்தால் அவர்களால் வர முடியாது, கடை திறந்திருக்கும்.

அல்லிக்கொடி

சரியாகச் சொன்னீர்கள் தங்கை. செயலாளரிடம் பேசிவிட்டேன். கூட்டத்தைக் கடை மூடிய பிறகு இரவு எட்டு மணிக்கு மாற்றியிருக்கிறோம். விற்பனையாளர்கள் மூவரையும் நேரில் போய் அழைத்தேன், வருவதாகச் சொன்னார்கள். அதில் ஒருவர், "எங்களையா?" என்று இரண்டு முறை கேட்டார். முறைப்பணி பற்றிய வரியை மனுவின் முதல் பக்கத்திலேயே சேர்த்துவிட்டேன். வேளச்சேரித் தம்பி, பட்டியல் வியாழனுக்குள் வந்தால் படி எடுக்க வசதியாக இருக்கும்.